மாற்று சிகிச்சைக்குப் பின் தைராய்டு

எலும்பு மஜ்ஜை அல்லது ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் முதல் ஓராண்டு முழுக்க ரத்தம் கொடுத்தே களைத்துப்போகிறார்கள். வெள்ளணு, தட்டணு, கிரியாட்டினின், சைக்ளோஸ்போரின் அளவு, சிஎம்வி வைரஸ் என்று முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டாம் ஆண்டு தாண்டியதும் மருத்துவரே, "நல்லா இருக்கீங்க, இனி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்கிறார். அந்த ஆறு மாதம் ஓராண்டாகிறது. வேலைக்குப் போக ஆரம்பித்தாயிற்று, பிள்ளைக்குப் பரீட்சை, ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் பரிசோதனையே நின்றுபோகிறது. தைராய்டு கோளாறு பெரும்பாலும் தலைகாட்டுவது இந்தக் காலத்தில்தான்.

மாற்று சிகிச்சைக்குப் பிறகு தாமதமாக வரும் ஹார்மோன் கோளாறுகளில் அடிக்கடி காணப்படுவது இது. கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை, சரிசெய்ய ஒரு சின்ன மாத்திரை. இருந்தும் பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகிறது. "அவ்வளவு பெரிய வியாதியிலிருந்து மீண்ட உடம்பு, கொஞ்சம் அசதி இருக்கத்தானே செய்யும்" என்று நோயாளியும் வீட்டாரும் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். பரிசோதித்துப் பார்க்காமல் அந்தச் சமாதானத்தை ஏற்காதீர்கள்.

சுரப்பிக்கு என்ன ஆகிறது

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, இரண்டு மடல்களாக மூச்சுக்குழாயை அணைத்துக்கொண்டிருப்பது தைராய்டு. உடம்பின் உறுப்புகள் எந்த வேகத்தில் வேலைசெய்ய வேண்டும் என்பதை இது சுரக்கும் தைராக்சின் (டி4) தீர்மானிக்கிறது. சுரப்பு குறைந்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பித் தைராய்டை முடுக்கிவிடப் பார்க்கும். ஆகவே தைராய்டு தளரும்போது டிஎஸ்எச் ஏறும். பரிசோதனைச் சீட்டில் முதலில் டிஎஸ்எச் எழுதுவது இதனால்தான்.

புதிய செல்களை ஏற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். அந்த ஆயத்த சிகிச்சையை மருத்துவமனையில் கண்டிஷனிங் என்பார்கள். ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்கு அதில் முழு உடல் கதிர்வீச்சும் சேர்ந்திருக்கும். காலையும் மாலையுமாக 3 நாளில் 6 தவணை, மொத்தம் 12 கிரே என்பது பரவலான முறை. நுரையீரலுக்குத் தடுப்பு வைத்துக் கதிரைக் குறைப்பதுண்டு. தைராய்டுக்கு அப்படித் தடுப்பு வைப்பது வழக்கமில்லை. தோலுக்கு மிக அருகில் இருக்கும் அந்தச் சுரப்பி வந்த கதிரையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. தைராய்டு செல்கள் மெதுவாகப் பிரிபவை என்பதால் சேதம் உடனே தெரியாது. சுரப்பு ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேயும். முழு அளவையும் ஒரே தவணையில் கொடுத்த பழைய நாட்களில் பாதிப்பு இன்னும் அதிகம். தவணையாகப் பிரித்த பிறகு அது குறைந்ததே தவிர, ஒழியவில்லை.

கதிர்வீச்சே கொடுக்கவில்லை, மருந்து மட்டும்தான் என்பவர்களுக்கும் விலக்கு இல்லை. புசல்ஃபான் போன்ற மருந்துகளுக்குப் பிறகும் தைராய்டு தளர்வதுண்டு. தலசீமியாவுக்காக மாற்று செய்துகொண்ட பிள்ளைகளின் விஷயம் தனி. சிகிச்சைக்கு முன்பே பல ஆண்டுகள் ரத்தம் ஏற்றியதால் சேர்ந்த இரும்புச்சத்து தைராய்டிலும் பிட்யூட்டரியிலும் படிந்திருக்கும். ஹாட்ஜ்கின் நோய்க்காகக் கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவர்கள், நியூரோபிளாஸ்டோமாவுக்காகக் கதிரியக்க அயோடின் சேர்ந்த எம்ஐபிஜி சிகிச்சை பெற்ற குழந்தைகள், இமாட்டினிப் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரிடமும் கூடுதல் கவனம் வேண்டும். இன்னொருவரின் செல்களைப் பெற்றவர்களுக்கு, அந்தச் செல்களின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவது அபூர்வமாக நடக்கும். கொடையாளருக்குத் தைராய்டு நோய் இருந்து, அது செல்களோடு சேர்ந்து வந்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அண்ணனோ அக்காவோ செல் கொடுத்திருந்தால், அவர்களுக்குத் தைராய்டு தொந்தரவு உண்டா என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

முதல் சில மாதங்கள்

மாற்று முடிந்த புதிதில் எடுக்கும் தைராய்டு அறிக்கையை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். காய்ச்சல், தொற்று, சாப்பாடு இறங்காமை, அதிக அளவு ஸ்டீராய்டு என உடம்பு படாதபாடு படும்போது டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் தானாகவே தாழும். சில சமயம் டி4-உம் டிஎஸ்எச்-உம் கூடத் தாழும். அது தைராய்டின் நோய் அல்ல. நோயின் கடுமையில் உடம்பு செய்துகொள்ளும் தற்காலிக ஏற்பாடு. அதற்கு மாத்திரை தேவையில்லை. உடம்பு தேறிய பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

இதே காலத்தில் சிலருக்கு நேர்மாறாக ஹார்மோன் கூடுவதும் உண்டு. படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, சாப்பிட்டும் எடை இறங்குவது ஆகியவை தெரிந்தால், தைராய்டில் அழற்சி ஏற்பட்டு, சேமிப்பில் இருந்த ஹார்மோன் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டியிருக்கலாம். அது சில வாரங்களில் அடங்கி, பிறகு குறைபாடாக மாறக்கூடும். தைராய்டே அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயா, வெறும் அழற்சியா என்பதை மருத்துவர் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அறிகுறிகள் ஒன்றோடொன்று குழம்பும் இடம்

தைராய்டு குறைந்தால் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், முகத்தில் ஊதல், குரல் கரகரப்பு, தசைப்பிடிப்பு, மறதி, எதிலும் ஆர்வமின்மை எல்லாம் வரும். இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தோல் வறட்சி, புதிய செல்கள் உடம்பைத் தாக்கும் ஜிவிஎச்டி-யிலும் வரும். முக ஊதல் ஸ்டீராய்டால் வரும். தசைப்பிடிப்பு சைக்ளோஸ்போரின் சாப்பிடும்போது மெக்னீசியம் குறைந்தாலும் வரும். மனச்சோர்வு, இத்தனை நாள் பட்ட பாட்டிலேயே வரும். ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து வீட்டில் யாரும் முடிவுக்கு வர முடியாது. அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது.

அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம் என்பதை இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டும். சுரப்பு மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. "நான் எப்பவுமே கொஞ்சம் மந்தம்தான் டாக்டர்" என்பவர் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் தான் எவ்வளவு சோர்ந்திருந்தோம் என்று உணர்கிறார்.

கொலஸ்ட்ரால் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. தைராய்டு குறைந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ் போன்ற மருந்துகளாலும் ஏறும். அறிக்கையில் எண்ணைப் பார்த்ததும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதப்பட்டால், "டிஎஸ்எச் பார்த்துட்டீங்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தைராய்டு குறைபாட்டைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் தசைச் சேதமும் வர வாய்ப்பு கூடுகிறது. தைராய்டைச் சரிசெய்தாலே சிலருக்குக் கொலஸ்ட்ரால் இறங்கிவிடுகிறது.

அறிக்கையைப் படிக்கும் விதம்

பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் அளவுகோல் கொஞ்சம் மாறும். உங்கள் அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பையே பாருங்கள். பெரியவர்களுக்கு டிஎஸ்எச் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருப்பது இயல்பு. மூன்று மாதிரி அறிக்கைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: டிஎஸ்எச் 38, ஃப்ரீ டி4 வரம்புக்குக் கீழே. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தைராய்டு தளர்ந்துவிட்டது, மாத்திரை வேண்டும்.

இரண்டாவது: டிஎஸ்எச் 7.8, ஃப்ரீ டி4 வரம்புக்குள். மாற்று செய்துகொண்டவர்களிடம் அதிகம் பார்ப்பது இந்த அறிக்கையைத்தான். சுரப்பி திணறுகிறது, ஆனால் பிட்யூட்டரியின் உந்துதலால் எப்படியோ சமாளிக்கிறது. சிலருக்கு இது தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு முழுக் குறைபாடாக மாறும். அதனால் உடனே மாத்திரை ஆரம்பிக்காமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த மறுபரிசோதனையில் 10-ஐத் தாண்டினாலோ, அறிகுறிகள் இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ, வளரும் குழந்தையாக இருந்தாலோ மாத்திரை ஆரம்பிப்பார்கள். கதிர் பட்ட சுரப்பியை டிஎஸ்எச் ஓயாமல் தூண்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல என்று கருதி, முன்கூட்டியே ஆரம்பிக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

மூன்றாவது: டிஎஸ்எச் 2.1, ஃப்ரீ டி4 வரம்புக்குக் கீழே. டிஎஸ்எச்-ஐ மட்டும் பார்ப்பவர் இதை "நார்மல்" என்று மடித்து வைத்துவிடுவார். உண்மையில் இங்கே பழுது பிட்யூட்டரியில் இருக்கலாம். தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் இரும்புச்சத்து மிகுந்தவர்களுக்கும் இது நேரலாம். டிஎஸ்எச்-ஓடு ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த மூன்றாவது அறிக்கைதான்.

ரத்தம் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலையில் கொடுங்கள். டிஎஸ்எச் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். அடுத்தது பயோட்டின். கீமோவில் கொட்டிய முடி வளரட்டும் என்று பலரும் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சில இயந்திரங்களில் அது கணக்கைக் குழப்பி, டிஎஸ்எச்-ஐக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டிவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்னதாக அதை நிறுத்துங்கள். சாப்பிடுவதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

மாத்திரையும் காலைப் பொழுதும்

வைத்தியம் என்பது லெவோதைராக்சின். தைராய்டு சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பது, அவ்வளவுதான். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக் கட்டுப்பாடு உண்டு. நூறு மாத்திரை கொண்ட பாட்டில் பெரும் செலவு வைக்காது. முழுக் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். அளவை மாற்றிய 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் சரியான படம் கிடைக்காது.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஜிவிஎச்டி-க்காக மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். கார்ட்டிசால் குறைவாக இருக்கும்போது தைராக்சினைத் தொடங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் இருந்தால் காலையில் கார்ட்டிசால் பரிசோதித்து, அதைச் சரிசெய்த பிறகே தைராய்டு மாத்திரை.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில்தான் ஒழுங்காக உட்கிரகிக்கப்படும். மாற்று செய்துகொண்டவர் வீட்டில் அது சுலபமில்லை, மாத்திரைப் பெட்டியே நிரம்பி வழியும். இப்படி அமைத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. காபி, டீ அதற்கு அரைமணி நேரமாவது கழித்து. ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 7 மணிக்கு மேல் இட்லியோ கஞ்சியோ. மற்ற மாத்திரைகள் மருத்துவர் சொன்ன நேரத்தில். கால்சியம், மெக்னீசியம், இரும்பு, வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் வகை மருந்து எதுவும் தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரத்துக்குள் கூடாது. எலும்பு தேயாமலிருக்கக் கால்சியம் சாப்பிடுபவர்கள் அதை மதியச் சாப்பாட்டுக்கும் இரவுக்கும் தள்ளிவிடுங்கள். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். அவை தேவையென்றால் நிறுத்த வேண்டாம்; தைராக்சின் அளவைக் கூட்டிச் சமன்செய்துகொள்ளலாம். காலையில் இதெல்லாம் ஒத்துவராதவர்கள் இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் டிஎஸ்எச் இறங்கவில்லையா? மறதி என்று நோயாளியைத் திட்டும் முன் குடலைப் பாருங்கள். குடலில் ஜிவிஎச்டி இருந்து வயிற்றுப்போக்கு ஓடினால் மாத்திரை உடம்பில் ஒட்டாது. மருந்துக் கடையில், "அந்த கம்பெனி இல்லீங்க, வேற தரட்டுமா?" என்று கேட்டால், முடிந்தவரை பழைய பிராண்டையே வரவழைக்கச் சொல்லுங்கள். மாற்ற நேர்ந்தால் 6 வாரம் கழித்து டிஎஸ்எச் எடுங்கள். பாட்டிலை அடுப்படியிலும் வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் இந்த மருந்து வீரியம் இழக்கும்.

அளவு கூடினாலும் கெடுதல்தான். படபடப்பு, தூக்கமின்மை மட்டுமல்ல, எலும்பும் தேயும். ஸ்டீராய்டால் ஏற்கெனவே இளைத்த எலும்புக்கு அது இரட்டை அடி. உடம்பு இளைக்கட்டும் என்று தானாக ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வது ஆபத்தான விளையாட்டு. கடல்பாசி மாத்திரை, அயோடின் டானிக் என்று எதையும் வாங்க வேண்டாம். கதிரால் சிதைந்த சுரப்பிக்குக் கூடுதல் அயோடினால் பயன் இல்லை, கெடுதல் உண்டு. தைராய்டு குணமாகும் என்று விற்கும் கஷாயங்களும் பொடிகளும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவைப் புரட்டிப்போடக்கூடும். மாற்று செய்த குழுவிடம் கேட்காமல் எதுவும் வாயில் போடாதீர்கள். முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் சமைத்து அளவாகச் சாப்பிடலாம், பயம் வேண்டாம்.

குழந்தைகள்

10 வயதுக்குள் மாற்று செய்துகொண்ட குழந்தைகளுக்கே தைராய்டு பாதிப்பு அதிகம் வருகிறது. குழந்தை தனக்கு அசதியாக இருக்கிறது என்று சொல்லாது. சட்டை பழையதே சரியாக இருக்கும், வகுப்பில் பின்தங்கும், மாலையில் விளையாடப் போகாது. பள்ளிப் பருவம் முழுக்க 6 மாதத்துக்கு ஒரு முறையாவது உயரத்தையும் எடையையும் அளந்து வளர்ச்சி அட்டையில் குறித்துவாருங்கள். கோடு தட்டையானால் தைராய்டோடு வளர்ச்சி ஹார்மோனையும் பருவ வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தாமதமே கூடாது. மூளை வளர்ச்சி தைராக்சினை நம்பி இருக்கும் வயது அது.

கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் முன்னதாகவே டிஎஸ்எச் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் மருத்துவரைப் பாருங்கள், அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள்.

கழுத்தில் கட்டி

கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டில் கட்டியோ புற்றுநோயோ வரலாம். சிறு வயதில் கதிர் வாங்கியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை. புற்றாக இருந்தாலும் அநேகமாகப் பாப்பில்லரி வகையாக இருக்கும், சீக்கிரம் கண்டால் அறுவை சிகிச்சையில் நல்ல பலன் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் நடுப்பகுதியில், விழுங்கும்போது மேலேறி இறங்கும் புடைப்பு தெரிந்தால் காட்டுங்கள். அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் எடுக்கும் எஃப்என்ஏசி-யும் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

எத்தனை ஆண்டுகள் பார்க்க வேண்டும்

மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1957-இல் தொடங்கிவைத்தவர் டோனல் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் சிஎம்சி-யில் 1986-இலும் இது தொடங்கியது. அன்று குழந்தைகளாக இருந்து பிழைத்தவர்கள் இன்று நடுவயதைத் தொட்டிருக்கிறார்கள். இப்படி நீண்ட காலம் வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததால்தான் தைராய்டு 10 ஆண்டுகளுக்குப் பிறகும் தளரலாம் என்று தெரியவந்தது. எனவே பரிசோதனைக்குக் கடைசித் தேதி கிடையாது. நலமாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க என்பதே சர்வதேச வழிகாட்டுதல். மாற்று செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியாக இதை எழுதித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய மருத்துவமனைக்குப் போக முடியாத ஆண்டில் உங்கள் ஊரிலேயே எடுக்கலாம், இந்தப் பரிசோதனை சிற்றூர்களிலும் கிடைக்கிறது. உள்ளூர் மருத்துவரிடம் போகும்போது எந்த ஆயத்த சிகிச்சை, எத்தனை கிரே கதிர், எந்தெந்த மருந்து என்ற விவரச் சீட்டை எடுத்துப்போங்கள். அதைப் பார்த்தால்தான் அவருக்கு இதன் அவசியம் புரியும்.

இப்போதே உங்கள் கோப்பை எடுத்து, கடைசியாக டிஎஸ்எச்-உம் ஃப்ரீ டி4-உம் பார்த்த தேதியைத் தேடுங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.